சொல்லைக் காத்தோம், இசையை?

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் நாட்டார் பாடல்களை நாம் இலக்கியமாக மட்டுமே கற்று வருகிறோம். இப்பழக்கம் பிழையானது. பாடலின் பாதியைப் பேணி மறுபாதியை அழியவிடும் ஆய்வு முழுமையான ஆய்வாகாது.

வேற்று நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றினை ஈண்டு நோக்குவோம். 1958இல் பிரேசில் நாட்டுப் பாடகர் ஜோவாவ் ஜில்பேர்ட்டோ, சம்பா இசையின் பல முழவொலிகளை ஒரு கித்தாரின் மீட்டலுக்குள் அடக்கிப் பாடினார். பொசா நோவா எனப்பட்ட அப்புதுப்பாணி இசைத்தட்டு வழியாகவும் திரைப்படம் வழியாகவும் கடல் கடந்தது. 1959இல் வெளிவந்த 'கறுப்பு ஓர்ஃபியஸ்' என்னும் படத்துக்கு அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமும் லூயிஸ் பொன்ஃபாவும் மெட்டமைத்தனர். அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் வின்ஸ் குவரால்டி அம்மெட்டுக்களில் நான்கினைத் தம் மூவர் குழுவுடன் வாசித்து, 1962இல் வெளியிட்ட இசைத்தட்டின் ஒரு பக்கத்தை நிரப்பினார். அங்கே பாடற்சொல் இல்லை. போர்த்துக்கேய மொழி இல்லை. இருந்தும் அப்பாட்டுக்கள் வாழ்கின்றன.

நம் நிலை இதற்கு நேர்மாறானது. அச்சில் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. வித்துவான் வீ.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964), நிந்தவூர் எஸ். முத்துமீரானின் தொகுப்பு ஆகியன ஆற்றிய பணி பெரிது; அவற்றைக் குறைகூறுதல் நன்றிகேடு. ஆயினும், அச்சிட்ட அடிகளை மட்டும் கொண்டு ஒரு கவியை எவ்விடத்தில் நீட்டுவது, எவ்விடத்தில் மூச்சை நிறுத்துவது என எவரேனும் கூறமுடியுமா? பக்கீர் பைத்தில் றபானின் அடி சொல்லுக்கு முந்துகிறதா, பிந்துகிறதா? பொல்லடியில் அண்ணாவியார் எங்கே காலத்தை விரைவுபடுத்துகிறார்? ஏடு விடை தராது.

"ஒரே மெட்டுத்தானே, இதில் எழுத என்ன உண்டு?" என்பார் சிலர். சம்பாவுக்கும் பொசா நோவாவுக்கும் உள்ள வேறுபாடு பெரிதும் அடி விழும் இடத்திலும் குரலின் அடக்கத்திலுமே தங்கியுள்ளது. நுண்மையை எளிமையென மயங்குவது செவியின் குறை, பாடலின் குறையன்று. மார்க்க நோக்கில் இசை ஆகுமா என வினவுவோரும் உளர். அவ்வினாவை மார்க்க அறிஞர் தீர்க்கட்டும். பதிவு செய்தல் பாடுதலன்று, வரலாறு எழுதுதலாகும்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் சுருதிகளைக் கணித்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். மறைந்த இசையை மீட்க அத்துணை உழைப்பு வேண்டியிருந்தது. அவர் ஊருக்கு அயலிலுள்ள ஊர்களில் இன்னும் உயிரோடிருக்கும் இசையைப் பதிய ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையுமே போதும்.

காலமோ காத்திராது. அறுவடை இயந்திரம் வந்தபின் வயற்கவிக்குக் களம் சுருங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்திலேயாம். அன்று மறைந்த முதியோருடன் எத்தனை மெட்டுக்கள் மறைந்தன என்பதற்குக் கணக்கில்லை.

எனவே, தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பாடகர் ஒருவரின் பாட்டை ஒலிப்பதிவு செய்து, மெட்டையும் தாளத்தையும் பாடியவர் பெயரையும் குறித்து ஒப்படைத்தல் பட்டத்தேர்வின் ஒரு பகுதியாதல் வேண்டும். அதுவரை நாட்டார் பாடல் என்று நாம் அச்சிடுவது பாடலன்று. பாடலின் சொல் மட்டுமே.