மீனுக்கு முன் தண்ணீர்

சென்னை கொளத்தூர் கலர் மீன் கடைகளில் டிஸ்கஸ் தொட்டிக்கு முன்னால் நிற்பவர்கள் முதலில் அழகை வியப்பார்கள், அடுத்து விலை கேட்பார்கள். அத்தோடு பேரம் தொடங்கிவிடும். ‘அண்ணே, இது எந்தத் தண்ணியில வளருது? என்ன தீனி போடுறீங்க?’ என்று கேட்பவர் அபூர்வம். பின்னாளில் மீன் பிழைப்பதும் சாவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

டிஸ்கஸின் பூர்வீகம் அமேசான் ஆற்றுப்படுகை. 1840-இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அவர் விவரித்த இனம் வாழும் ரியோ நீக்ரோவின் நீர் தேநீர் நிறம். அமிலத்தன்மை கொண்டது, கடினத்தன்மை ஏறக்குறைய இல்லாதது. அதைப் படித்துவிட்டு நம்மவர்கள் பி.எச். அளவை இறக்க மருந்து மேல் மருந்தாக ஊற்றுகிறார்கள். தேவையில்லை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பல தலைமுறைகளாகப் பண்ணையில் பிறந்தவை. ‘பிஜியன் பிளட்’ ரகம் தாய்லாந்துப் பண்ணையில் உருவானது. அமேசானில் தேடினாலும் கிடைக்காது. இவை ஓரளவு கடின நீருக்கும் பழகிக்கொள்ளும். பொறுக்காதவை இரண்டு: அழுக்கும், திடீர் மாற்றமும்.

அழுக்கு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை பெருக ஒரு மாதமாவது ஆகும். காலையில் தொட்டி, மாலையில் மீன் என்று ஒரே நாளில் வாங்கிவந்தால் டிஸ்கஸ் தாங்காது.

வாங்கும்போது நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். உடல் வட்டமாக இருக்க வேண்டும். உடலுக்குப் பொருந்தாத பெரிய கண், வளர்ச்சி குன்றியதன் அடையாளம். உடல் கறுத்து மூலையில் ஒதுங்குவது, ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மூச்சு வாங்குவது, வெள்ளை நூல்போலக் கழிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேண்டாம். கடைக்காரரைத் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனை எடுங்கள். ஒன்றரை அங்குலக் குஞ்சுக்கு விலை குறைவு, பராமரிப்பு அதிகம். புதியவர்களுக்கு மூன்று, நான்கு அங்குல மீனே நல்லது. கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஆறு மீனாவது வேண்டும். ஒரே கடையில், ஒரே நேரத்தில் வாங்குவது பாதுகாப்பு. இரண்டே மீன் வைத்தால், வலுத்தது இளைத்ததைத் தின்னவிடாது. ஆறு மீன் வளர்ந்து நிற்க 250 லிட்டர் தொட்டியாவது தேவை.

வெப்பம் 28 முதல் 30 டிகிரி. சென்னையில் மார்கழி இரவுக்கு ஹீட்டர் வேண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால் கோடையில் மின்வெட்டு வந்தால் ஆபத்து. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஆழ்குழாய் நீர் மிகவும் கடினமென்றால் ஆர்.ஓ. நீரைக் கலக்கலாம். எந்த விகிதத்தில் கலந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் கலக்க வேண்டும்.

குழாய் நீரென்றால் ஆன்டி குளோரின் கட்டாயம். குளோரின் செவுளை அரிக்கும், தோலின் மேலுள்ள வழவழப்பான படலத்தையும் சிதைக்கும். டிஸ்கஸுக்கு அந்தப் படலம் வெறும் கவசம் அல்ல. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய், தகப்பன் இருவரின் உடலையும் மொய்த்து அதைத்தான் கொத்தித் தின்னும். ஒன்று களைத்தால் குஞ்சுகளை மற்றதன் பக்கம் தள்ளிவிட்டு நகரும். பாலூட்டுவதற்கு மீனுலகில் இதைவிட நெருக்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்தக் காட்சி கிடைக்க வேண்டுமானால் நீர் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

ஆகவே, வாரம் இரண்டு முறையாவது தொட்டி நீரில் மூன்றிலொரு பங்கை மாற்ற உங்களுக்கு நேரமும் முதுகும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் டிஸ்கஸ் வாங்குங்கள். பத்து ஆண்டுகூட உங்களோடு இருக்கும். இல்லையென்றால் கப்பி வாங்குங்கள். அதுவும் அழகுதான்.