பசுமை வளாகம்: சான்றிதழ் போதாது, கணக்கு வேண்டும்

தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், விடுதி மாணவர்கள், அலுவலர்கள், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் எல்லோரும் சேர்ந்த கூட்டமைப்பு எங்களுடையது. வளாகத்தைப் பசுமை வளாகமாக்கும் திட்டம் ஆட்சிமன்றக் குழுவின் முன் வரவிருப்பதால், எங்கள் நிலைப்பாட்டைப் பொதுவில் வைக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு

வளாகத்தின் தண்ணீர், மின்சாரம், குப்பை, நிலம் ஆகிய நான்குக்கும் மாதந்தோறும் கணக்கு எழுத வேண்டும். அதை எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியிட வேண்டும். வளாகம் பசுமையாகிறதா இல்லையா என்பதை அந்தக் கணக்குதான் சொல்ல வேண்டும். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோ, சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழோ அதற்கு ஈடாகாது.

குறை எங்கே?

விதிகளுக்குப் பஞ்சமில்லை. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்குவது குறித்து உச்ச நீதிமன்றம் 1991லேயே உத்தரவிட்டது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் நிறுவனங்கள் அதைத் தரம் பிரித்து, மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே கையாள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் சொல்லின. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும், உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் குழு வரும் நாள் நெருங்கினால்தான் வளாகம் விழித்துக்கொள்கிறது. பூந்தொட்டிகள் வந்து இறங்குகின்றன. பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் ஜோடியாக நிற்கின்றன. வெளியாள் ஒருவர் பசுமைத் தணிக்கை அறிக்கை எழுதித் தருகிறார். அது கோப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. போன மாதம் எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினோம் என்று கேட்டால் மட்டும் யாரிடமும் பதில் இருப்பதில்லை.

தண்ணீர்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தது. அடுத்த நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பெய்யும் மழையைப் பிடித்து வைக்க இடமில்லாத ஊருக்கு இரண்டும்தான் நேரும். நூற்றுக்கணக்கான ஏக்கர் கையில் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அந்த இடத்தைத் தர முடியும்.

நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அதன்படி 3,000 பேர் தங்கும் விடுதிகளுக்கு நாளொன்றுக்கு நான்கு லட்சம் லிட்டர் தேவை. 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 34 நடை. குளியலறையிலும் கைகழுவும் இடத்திலும் போகும் நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பினாலே இதில் கணிசமான பகுதி மிச்சமாகும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சின்ன வேலைகள் உண்டு. இரவில் போட்ட மோட்டாரை அணைக்க ஆளில்லாமல் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்து, விடுதிச் சுவர் முழுக்கப் பாசி படர்ந்திருக்கிறது. தானாக நிற்கும் சுவிட்ச் பெரிய செலவில்லை. மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளில் சருகும் மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவற்றைத் தூர்வாருவது ஆண்டு வேலைப் பட்டியலில் வர வேண்டும்.

மின்சாரம்

சோலார் பலகைகளை வரவேற்கிறோம். ஆனால் வீணாவதை நிறுத்திவிட்டுப் பலகை வாங்குவதே முறை. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கிறது. பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். ஆயிரம் விசிறிகளை மாற்றி, நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓடுவதாக வைத்துக்கொண்டால் 72,000 யூனிட் மிச்சம். ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு. துணைவேந்தர் அறை முதல் கருத்தரங்கக் கூடம் வரை எங்கும் 24 டிகிரிக்குக் கீழே வைப்பதில்லை என்று முடிவெடுக்கக் காசு வேண்டியதில்லை.

குப்பை

இரவு பத்து மணிக்கு மெஸ்ஸின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சாம்பார் சாதம், கடித்து வைத்த சப்பாத்தி, காகிதக் கப், பால் பாக்கெட், ஊறுகாய் உறை எல்லாம் ஒரே டிரம்மில் கிடக்கும். காலையில் ஒரு தூய்மைப் பணியாளர் அதில் கையை விட்டுப் பிரிப்பார். பல நாள் கையுறை இருக்காது. முன்வாசலில் நிற்கும் இரு வண்ணத் தொட்டிகள், அவர் கையால் நடக்கும் இந்த வேலையை மறைக்கின்றன. குப்பையைப் பிரிப்பது போடுகிறவரின் பொறுப்பு. அள்ளுகிறவரின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

மிச்சமாகும் உணவை எடை போட்டுத் தினமும் மெஸ் வாசலில் எழுதுங்கள். மறுநாள் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று முந்தைய நாளே கேட்டுச் சமையுங்கள். அப்படியும் மீந்து கழிவாவது உயிரி எரிவாயுக் கலனுக்கோ உரக்குழிக்கோ போகட்டும். பட்டமளிப்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் பேனரும் மேடையில் பாட்டில் தண்ணீரும் வேண்டாம். மாணவருக்குச் சொல்லும் விதி மேடைக்கும் பொருந்தும்.

நிலம்

சென்னை ஐஐடி 1959இல் கிண்டிக் காட்டிலிருந்து பிரித்தெடுத்த நிலத்தில் எழுந்தது. வெளிமானும் புள்ளிமானும் இன்றும் அங்கே உலவுகின்றன. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது கிடைத்தது புதர்க்காடு. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்ஸ் போன்றவர்கள் அந்தத் தாவரங்களைக் களை என்று கழித்துவிடாமல் போற்றி வளர்த்தார்கள். வீரை, பாலை, காரை போன்றவை வளரும் சோழமண்டலக் கரையோரக் காட்டுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. புல்தரைக்குத்தான் ஊற்ற வேண்டும்.

எனவே புதர் மண்டிய இடத்தைக் காலி இடம் என்று வரைபடத்தில் குறிப்பதை எதிர்க்கிறோம். முப்பது வயது வேம்பை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நட்டதாகக் காட்டும் கணக்கையும் ஏற்க மாட்டோம்.

பணத்துக்கு எங்கே போவது?

ஓய்வூதியம் தரவே திணறும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் செலவில்லாதவற்றிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். மின்கட்டணத்திலும் லாரித் தண்ணீரிலும் மிச்சமாகும் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து அடுத்த வேலையைச் செய்யலாம். மாணவர் கட்டணத்தில் பசுமை நிதி என்று புது வரி சேர்ப்பதையும், ஒப்பந்தப் பணியாளருக்குக் கூலி கூட்டாமல் வேலையைக் கூட்டுவதையும் ஏற்க மாட்டோம்.

கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றுக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி மீட்டர். மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில்.
2. விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தக் கால வரையறையுள்ள திட்டம்.
3. குப்பை உருவாகும் இடத்திலேயே தரம் பிரித்தல். தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, காலணி, மருத்துவப் பரிசோதனை.
4. மரம் வெட்டுவதற்கும் புதிய கட்டடத்துக்கும் முன், முப்பது நாள் பொது அறிவிப்பு.
5. இவற்றைக் கண்காணிக்கும் குழுவில் மாணவர், தூய்மைப் பணியாளர் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமையுள்ள இடம்.

எங்கள் பங்கும் உண்டு. மீட்டர்களைப் படித்துக் கணக்கு எழுதும் வேலையை மாணவர்களின் சுற்றுச்சூழல் பாடச் செய்முறையாக்க ஆசிரியர்கள் முன்வந்திருக்கிறார்கள். மெஸ்ஸில் உணவை எடை போடும் பொறுப்பை விடுதி மாணவர்கள் ஏற்கிறார்கள். எங்கள் கூட்டங்களில் பேனரும் பாட்டிலும் இருக்காது. ஆறு மாதத்துக்குள் நிர்வாகம் முதல் கணக்கை வெளியிடாவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மின்கட்டண ரசீதுகளையும் லாரித் தண்ணீர் ரசீதுகளையும் கேட்டு வாங்கி, நாங்களே பலகையில் ஒட்டுவோம்.