பின் சக்கரத்தின் பிடிப்பு

நம் பொம்மனஹள்ளியில் இருநூறு குதிரைச் சக்திக்கு மேற்பட்ட கார் வாங்கியுள்ள அன்பர் சிலர், பின் டயராக எதைப் போடலாம் என நம்மை வினவுகின்றனர். ரயில்வே குமாஸ்தாவிடம் கேட்கும் கேள்வியா என நகைக்க வேண்டா. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் எஞ்சின் ஓட்டுநர் தண்டவாளத்தில் மணல் தூவுவதை நாம் அறிவோம். எஞ்சின் எத்துணை வலியதாயினும் பிடிப்பு இன்றேல் சக்கரம் வீணே சுழலும்.

ஒரு டயர் சாலையைத் தொடுமிடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவே. பின் சக்கரங்களால் உந்தப்படும் காரில் முழு வலிமையும் அவ்விரு உள்ளங்கைகளின் வழியே இறங்க வேண்டும். அகலமான டயர் போதும் என்பார் உளர். ரப்பரின் மென்மையே முதன்மை என்போம் நாம். பல டயர்களின் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ என ஓர் எண் காணப்படும். 200 எனில் பொதுவாக நன்கு பற்றும், விரைவில் தேயும். 500 எனில் நெடுநாள் உழைக்கும்.

மிக மென்மையாய், வரிப்பள்ளம் குறைந்த பந்தய டயர் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு ஏற்றது. ஐப்பசி மழையில் ஓசூர் வழியே ஊர் செல்லும் குடும்பத்துக்கு ஆகாது. பள்ளமின்றேல் டயர் நீர்மேல் மிதக்கும். அகன்ற டயர் இன்னும் எளிதில் மிதக்கும். சட்டத்தின் எல்லை 1.6 மில்லிமீட்டர்; மழைக்கு அது போதாது, 3 ஆகும்போதே மாற்றிவிடுக.

பணமுடையால் இரண்டே புதியன வாங்குவோர் அவற்றைப் பின்னாலேயே பூட்டுக. முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துத் திருத்தலாம். பின் சக்கரம் வழுக்கினால், பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைகளோடு வண்டியே சுழன்றுவிடும்.