கதவை மாத்தினா கார் செத்துப் போயிடுமா?

பழைய கார்க்காரங்க நாலு பேர் கூடுற இடத்துல ஒரு வார்த்தை அடிக்கடி காதுல விழும்: "ஒரிஜினல் இல்லீங்க." குரல்ல ஒரு பரிதாபம் வேற இருக்கும், ஏதோ பையன் பரீட்சையில பிட் அடிச்சு மாட்டிக்கிட்ட மாதிரி. அப்படி என்னய்யா குத்தம்னு கேட்டா, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 2 வண்டிக்கு மார்க் 1 கதவை மாட்டியிருக்காங்களாம். அவ்ளோதான் மேட்டர். இந்த ஆச்சாரத்தை ஒரு பிடி பிடிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை மக்களே.

ஹெரால்டு தெரியாத சின்னப் பசங்களுக்கு: 1961-லேர்ந்து நம்ம பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செஞ்ச கார். இங்கிலாந்துல 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டுங்கிற பேர்ல பிறந்துச்சு, வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. 948 சிசி இன்ஜின். பானெட்டைத் திறந்தா ரெண்டு மட்கார்டும் சேர்ந்து முழு மூஞ்சியும் முன்பக்கமா சாயும்.

இந்தக் காரோட ஜாதகமே துண்டு போட்டு ஒட்டினதுதான். ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செஞ்சு குடுத்துட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனி பிஎம்சி வாங்கிப்போட்டுது. முழு பாடியை ஒரே இடத்துல அடிச்சு வாங்க வழியில்லை. என்ன பண்ணாங்க? உடம்பைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஆளுக்கொரு பாகமா வெவ்வேற இடத்துல செய்ய வெச்சு, தனி சேஸிஸ் மேல போல்ட் போட்டு முடுக்கிட்டாங்க. கூரை உட்பட! அதே உடம்புலதான் கூபே, கன்வெர்டிபிள், எஸ்டேட் எல்லாம் வந்துச்சு. மூக்கை மாத்தி ஆறு சிலிண்டர் இன்ஜின் வெச்சு 1962-ல் விட்டெஸ்னு வித்தாங்க. நம்ம ஊர்க்காரங்க ஒரு படி மேல போய், இங்கிலாந்துலயே இல்லாத நாலு கதவு ஹெரால்டை 1968-ல் மார்க் 3-ன்னு கொண்டு வந்தாங்க. அம்பாசடரையும் ஃபியட்டையும் சமாளிக்கணுமே. அப்படிக் கழட்டி மாட்டவே பிறந்த வண்டிக்கு, கழட்டி மாட்டினா தீட்டாம். நல்லா இருக்கு சாமி உங்க நியாயம்.

எங்க பெரியப்பாகிட்ட ஒரு மார்க் 2 இருக்கு. சென்னை ஈரத்துல கதவோட அடிப்பக்கம் அரிச்சு அப்பளமா உடைஞ்சுது. ரெண்டு வழிதான். ஒண்ணு, டிங்கர்கிட்ட விட்டு புதுத் தகரம் வெட்டி ஒட்டி, மேல கிலோ கணக்குல பட்டி பூசறது. இன்னொண்ணு, படப்பை பக்கம் ஒரு ஷெட்ல கோழி அடைஞ்சு கிடந்த மார்க் 1-லேர்ந்து நல்ல கதவை எடுக்கறது. பெரியப்பா ரெண்டாவதைப் பண்ணார். அப்புறம் ஒரு பழைய கார் கண்காட்சிக்குப் போனப்ப, மார்க் போட வந்தவர் கதவைத் தட்டிப் பார்த்துட்டு "கலப்படம்"னு மார்க்கைக் குறைச்சுட்டார். பக்கத்துல அரை இஞ்ச் பட்டியோட பளபளன்னு நின்ன வண்டிக்கு முழு மார்க். பட்டி ஒரிஜினல், தகரம் கலப்படம்! பெரியப்பா சிரிச்சுட்டார். எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு.

இதே ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000-ன்னு ஒரு கார் விட்டுது. உடம்பு இங்கிலாந்தோட ரோவர் எஸ்டி1. உள்ள பழைய வேன்கார்டு வம்சத்து 1991 சிசி இன்ஜின். (புலித்தோல் போர்த்திய மாடுன்னு அன்னிக்கே பேரு.) மூணு வருஷத்துல கதை முடிஞ்சுது. ஆலை மூடினதும் அங்க பயன்படுத்தாம கிடந்த எஸ்டி1 பாகங்கள் மொத்தத்தையும் வாங்கினது யாரு தெரியுமா? இங்கிலாந்தோட ரிம்மர் பிரதர்ஸ், பழைய ரோவர்களுக்கு உதிரி விக்கிற கடை. ஆக, பெருங்களத்தூர்ச் சரக்கு கப்பலேறிப் போய் வெள்ளைக்காரன் காருக்கு உயிர் குடுக்கலாம். படப்பைக் கதவு பல்லாவரம் காருக்கு ஆகாது. அங்க போனா உதிரி, இங்க மாட்டினா கலப்படமா?

நான் வேலை பார்க்கறது ஒரகடம் பக்கம், கார் பாகம் செய்யற ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதற பொழப்பு. இந்த ஏரியாவுல "ஒரிஜினல்"னு பேசினா சிரிப்பாங்க. 2012-ல் இதே ஒரகடத்துல நிசான் மைக்ராவுக்கு பம்பரும் கிரில்லும் மாத்தி ரெனோ பல்ஸ்னு விட்டாங்க; சன்னியை ஸ்காலான்னு விட்டாங்க. பல்ஸ் இப்ப விற்பனையில இல்லை. நாளைக்கு ஒரு பல்ஸ்காரர் மைக்ரா கதவை மாட்டினா அது கலப்படமா, பிறந்த வீட்டுச் சீதனமா?

இது வெறும் மார்க் சண்டைன்னா நான் இவ்ளோ கத்த மாட்டேன். 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்துச்சு. 50 வருஷம் தாண்டியிருக்கணும், ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும், கணிசமான மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். விதி தப்புன்னு சொல்லலை. ஆனா "கணிசமான"ங்கிற அந்த ஒரு வார்த்தைக்கு நம்ம ஆச்சார கோஷ்டியோட அர்த்தம் ஒட்டிக்கிச்சுன்னா, அரிச்ச கதவைக் காப்பாத்தினவன் வெளியே நிப்பான். அப்புறம் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கணும். 2022-ல் 600-லேர்ந்து 5,000 ஆன கட்டணம், 20 வருஷம் தாண்டின காருக்கு 2025-ல் 10,000 ஆயிடுச்சு. நடுத்தரக் குடும்பத்துல ஓடாம நிக்கிற காருக்கு இதெல்லாம் எத்தனை தடவை கட்டுவாங்க? காயலான் கடைக்குத்தான் போகும்.

அப்ப எதை வேணா மாத்தலாமான்னு கேட்பீங்க. இல்லை. என் கணக்கு சிம்பிள்: ஸ்பேனர் போட்டுக் கழட்டினா வர்றதெல்லாம் சட்டை, மாத்திக்கலாம். வெல்டிங்கை அறுத்தாத்தான் வரும்னா அது தோல், யோசிக்கணும். ஸ்டாண்டர்ட் 2000-க்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. அதோட தூணை அறுத்து ஒட்டறதும் ஹெரால்டுக்குக் கதவு மாத்தறதும் ஒண்ணு இல்லை. சேஸிஸ் நம்பரைத் தொட்டா அது மாத்தறது இல்லை, திருட்டு. மார்க் 1-க்கு வேற கிரில் மாட்டி மார்க் 2-ன்னு விக்கிறவனையும் நான் தாங்கிப் பேசலை. அவன் மறைக்கிறான். ஆனா மறைக்கச் சொல்லிக் குடுத்ததே இந்த மார்க் போடறவங்கதான். உண்மையைச் சொன்னா மார்க் போகும்னா எவன் சொல்லுவான்?

எங்க லைன்ல போற ஒவ்வொரு துண்டுக்கும் பார்கோடு உண்டு. எந்த ஷிஃப்ட்ல, எந்த மெஷின்ல வந்துச்சுன்னு ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம். பெரியப்பா வண்டிக்கு பார்கோடு ஒட்ட முடியாது. அதனால ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டு அறையில வெச்சிருக்கேன். முதல் வரி அந்தக் கதவுதான்: எந்த வண்டி, அதோட சேஸிஸ் நம்பர், எடுத்த தேதி, போட்ட டிங்கர் கையெழுத்து. கீழே கோழி எச்சம் கழுவின கூலி 150 ரூபாய்னு பெரியப்பா கிண்டலா எழுதி வெச்சிருக்கார். அடுத்த தடவை மார்க் போட வர்றவர் கதவைத் தட்டறதுக்கு முன்னாடி அந்த நோட்டைத்தான் கையில குடுக்கப் போறோம்.