பூ சொன்ன பிறகும்



சமீபத்தில் வந்த ஒரு கடிதத்தை வாசகர் கடிதம் பகுதிக்கு அனுப்பாமல் என் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். எழுதியவர் பொதுத்துறை வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள விருப்ப ஓய்வு வாங்கிவிடலாமா என்று ரொம்ப நாளாக யோசனை. குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூப்போட்டுப் பார்த்திருக்கிறார். நினைத்தபடி வெள்ளைப் பூ வந்துவிட்டது. “உத்தரவு கிடைத்த பிறகும் மனசு ஆறவில்லை. என் நம்பிக்கையில்தான் குறையா?” என்று கேட்கிறார். ‘எல்லாம் நல்லபடியாக நடக்கும்’ என்று இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. அதனால் இந்தப் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

பூக் கேட்பது பற்றித் தெரியாத இளைய வாசகர்களுக்காக: சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என இரண்டு பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். எந்த நிறம் வந்தால் என்ன அர்த்தம் என்பதை முன்பே சொல்லி வேண்டிக்கொண்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பூவுக்குப் பதில் திருநீறும் குங்குமமும் கட்டிவைப்பதும் உண்டு. சம்பந்தம் பேசலாமா, கிணறு வெட்டலாமா, பங்காளியோடு சமாதானமாகப் போகலாமா என்று எல்லாவற்றுக்கும் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவன்மலை முருகன் கோயிலில் ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ என்று ஒன்று இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்து முருகன் ஒரு பொருளைச் சொல்ல, அதை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூஜை செய்வார்கள். அடுத்தவர் கனவில் அடுத்த உத்தரவு வரும்வரை அந்தப் பொருள் அங்கேயே இருக்கும். மண் வைத்தால் நிலத்தின் விலை ஏறும், மஞ்சள் வைத்தால் மஞ்சளின் விலை ஏறும் என்று ஊர் ஊராகப் பேச்சு நடக்கும். எனக்குப் பிடித்தது அந்தப் பேச்சு அல்ல. கனவு கண்டேன் என்று ஒருவர் வந்து நின்றதும் பெட்டியைத் திறந்துவிட மாட்டார்கள். சாமியிடம் பூக் கேட்டு, சம்மதம் வந்த பிறகுதான் பொருள் உள்ளே போகும். கனவு கண்டவரின் ஆசையே முருகன் வேஷம் போட்டு வந்திருக்கலாம் என்கிற சந்தேகத்துக்கும் அந்தச் சன்னிதியில் இடம் இருக்கிறது.

முஸ்லிம் வீடுகளில் இப்படி முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் இஸ்திகாரா என்ற தொழுகையைத் தொழுவார்கள். இரண்டு ரக்அத் தொழுது, ‘இது எனக்கு நல்லதென்றால் எளிதாக்கு, கெட்டதென்றால் என்னை விட்டு விலக்கு’ என்ற கருத்தில் துஆ கேட்பார்கள். தொழுதுவிட்டுப் படுத்தால் கனவில் பதில் வரும் என்று பலர் காத்திருப்பதுண்டு. ஆனால் கனவு வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்றுதான் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்கிறார்கள்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். சென்னை லயோலா கல்லூரிக்குப் பெயர் தந்தவர், இயேசு சபையை நிறுவியவர். துறவறம் பூணுவதற்கு முன் அவர் ஒரு போர்வீரர். 1521-ல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. மறு வருடம், மனம் மாறியும் முரட்டுத்தனம் முழுசாகப் போகாத பக்தராக மோன்செராத் மலைக்கோயிலுக்குக் கோவேறு கழுதையில் கிளம்பினார். வழியில் சேர்ந்துகொண்ட ஒரு முஸ்லிம் பயணியோடு மாதாவின் கன்னிமை பற்றி வாக்குவாதம். அந்தப் பயணி முன்னால் போய்விட்டார். ‘மாதாவைப் பற்றி அப்படிப் பேசியவனைச் சும்மா விடுவதா, துரத்திப் போய்க் குத்துவதா’ என்று இஞ்ஞாசியார் யோசித்து யோசித்துக் களைத்தார். கடைசியில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். பாதை பிரியும் இடத்தில் கழுதை ஊருக்குள் திரும்பினால் கொலை, நெடுஞ்சாலையிலேயே போனால் விட்டுவிடுவது. கழுதை நெடுஞ்சாலையில் போனது. (அந்தக் கழுதைக்கு யாராவது ஒரு சிலை வைத்திருக்க வேண்டும்.)

அதே மனிதர் 1544-ல் ரோமில் ஒரு கேள்வியோடு உட்கார்ந்தார். தன் சபையின் கோயில்களுக்கு நிலையான வருமானம் இருக்கலாமா, கூடாதா? வெளியிலிருந்து பார்த்தால் நிர்வாகச் சமாச்சாரம். அதற்கு நாற்பது நாள் எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கத்துக் காரணங்களையும் எழுதிப் பார்த்தார். தினமும் பூசை, ஜெபம், கண்ணீர். எல்லாம் அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. வருமானம் வேண்டாம் என்ற முடிவு சீக்கிரமே தெளிவாகிவிட்டது. ஆனாலும் ‘இதுதான் சரி’ என்று உள்ளே ஒரு இனிப்பான நிறைவு வர வேண்டும் என்று மேலும் மேலும் காத்திருந்தார். கடைசி நாளில் அது வரவில்லை, வறட்சிதான் வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: இன்னொரு அடையாளம் வேண்டும் என்று கேட்பது கடவுளுக்காக அல்ல, தன் திருப்திக்காக. அத்தோடு முடித்துக்கொண்டார்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். முடிவு சரி என்பதற்கு மன அமைதி ரசீது இல்லை. இருபது, முப்பது வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறபோது வயிறு கலங்கத்தான் செய்யும். அதற்கும் நம்பிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். சிவப்புப் பூ வந்திருந்தால் தலைவணங்கித் திரும்பியிருப்பீர்களா, இல்லை இன்னொரு கோயிலுக்குப் போயிருப்பீர்களா? எது வந்தாலும் சரி என்று ஆன மனசுக்குத்தான் பூ எதையாவது சொல்லும் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பக்குவம் வர இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுக்கும் வழிகளில் ஒன்று: இதே சிக்கலோடு முன்பின் தெரியாத ஒருவர் வந்தால் அவருக்கு என்ன சொல்வீர்களோ, அதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குப் போகுமுன் பாஸ்புக்கைப் பார்ப்பது பக்திக் குறைவு ஆகாது. பென்ஷன் திட்டத்தில் இருக்கும் வங்கி ஊழியர் விருப்ப ஓய்வு கேட்க 20 வருட சர்வீஸ் வேண்டும். மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பென்ஷன் எவ்வளவு வரும், வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் சாமி சொல்ல வேண்டிய பதில்கள் இல்லை. உங்கள் மேலாளரே சொல்லிவிடுவார். டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்று சொன்ன பிறகு பூப்போட்டுப் பார்த்து நாள் கடத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கல்யாணத்துக்குப் பெண்ணைக் கேட்காமல் பூவை மட்டும் கேட்கிற வீடுகள் மேல் அதைவிடக் கோபம்.

நான்கு பக்கக் கடிதத்தைத் திரும்பவும் படித்துப் பார்த்தேன். குலதெய்வத்திடம் கேட்டிருக்கிறீர்கள், ஜோசியரிடம் கேட்டிருக்கிறீர்கள், அண்ணன்களிடம் கேட்டிருக்கிறீர்கள், என்னிடமும் கேட்கிறீர்கள். நீங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூட இருப்பதில் அம்மாவுக்குச் சம்மதமா என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அவரிடம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்