மனநோய் வைத்தியமும் தோட்டத்துத் தமிழும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களிற் பெரும்பாலார் இருமொழியாளர். நுவரெலியாவைப் போலத் தமிழர் செறிந்து வாழும் பகுதியன்று இது. பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை எங்கும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் சிங்களமே வழங்குகிறது. பிள்ளைகளிற் பலர் சிங்களத்திலேயே கல்வி கற்கின்றனர். இதனைக் கண்ட சிலர், இம்மக்களுக்குத் தமிழ் அறிந்த மனநோய் வைத்தியர் எதற்கு என்று வினவுகின்றனர். வினா நேர்மையானதே, ஆயினும் அதன் அடிப்படை பிழையென்பது நமது துணிபு.

அரிசி விலை கேட்பதற்குப் போதுமான சிங்களம் நெஞ்சத்துப் பாரத்தை இறக்கி வைப்பதற்குப் போதாது. கால் முறிந்தவன் முறிந்த இடத்தைக் காட்டினாற் போதும். மனநோய்க்கோ நோயாளியின் சொல்லையன்றி வைத்தியருக்கு வேறு கருவி அரிது. லயத்துப் பெண், மனத்துயர் என்று கூறிக்கொண்டு வைத்தியசாலைக்கு வருவதில்லை. "நெஞ்சு படபடங்குது, கைகால் உளையுது" என்றே வருகிறாள். வலிக்கு மாத்திரை பெற்றுத் திரும்புகிறாள். "மருந்து குடித்துவிட்டாள்" என்று உறவினர் பதறினால், நஞ்சருந்தினாள் என்பது தமிழர் எவருக்கும் விளங்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கேட்பவருக்கு அது நோய்க்கு மருந்துண்ட செய்தியாகவே படக்கூடும்.

1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டபின் அத்தொகை பெரிதுங் குறைந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டமும் 1998இல் நீங்கியது. நஞ்சு கிடைப்பது அரிதாயிற்று. நஞ்சை நாடச் செய்த துயரைக் கேட்குஞ் செவியோ அதனினும் அரிதாயிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் இல்லாவிடத்துப் பள்ளிச் சிறுவனே அப்பணிக்கு இழுக்கப்படுகிறான். கணவனின் குடியையும் அடியையும் ஒரு தாய் தன் மகனின் வாயாற் சொல்லுவாளா? 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது பிள்ளைகளோடு காட்டுக்குள் ஓடி ஒளிந்த முதியோர், அந்த அச்சத்தை எம்மொழியில் எடுத்துரைப்பர்? (அன்று அடைக்கலம் அளித்த சிங்கள அயலாரையும் நாம் மறவோம்.)

கோடாங்கி பார்க்கும் வழக்கத்தைக் கண்டு கற்றோர் நகைப்பர். கோடாங்கி குடும்பத்தை முழுதும் விசாரிக்கிறான். அவர்கள் பேச்சிலேயே விசாரிக்கிறான். வைத்தியர் அவனோடு போராட வேண்டியதில்லை. "கோடாங்கி என்ன சொன்னான்?" என்று கேட்டாலே பாதிக் கதை வெளிவரும். அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசுவோர் தம் துயரை நரம்புத் தாக்குதல் என்று பெயரிட்டுரைப்பதை அந்நாட்டு மனநோய் வைத்தியர் சங்கம் 1994இலேயே தன் நோய்ப் பகுப்பு நூலிற் குறித்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், நோயாளி தன் நோயை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்று கேட்பதற்கான வினாக்களையுஞ் சேர்த்தது.

இங்கே 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. வைத்தியசாலை வாயிலின் பெயர்ப்பலகையில் அதன் பயனைக் காண்கிறோம். உள்ளே வைத்தியரின் மேசைவரை அது சென்றதாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்து வைத்தியரை அனுப்பினால் எல்லாம் நேராகும் என்று நம்மவர் சிலர் எண்ணுகின்றனர். யாழ்ப்பாணத் தமிழ் வேறு, லயத்துத் தமிழ் வேறு. தோட்டத்தாரைத் தாழ்வாக நோக்கும் பழக்கம் நம்மிடையே முற்றாக ஒழிந்துவிட்டதென்றுஞ் சொல்வதற்கில்லை. லயத்திலே பிறந்து இருமொழியும் பயின்ற இளம்பெண்களைத் தெரிந்து, நோயாளியின் இரகசியம் காக்கவும் கூறியதைக் கூறியவாறே பெயர்க்கவும் பயிற்றி, உரிய சம்பளத்தில் நியமிப்பதே தக்கது. இரத்தினபுரியில் இயங்கும் சபரகமுவப் பல்கலைக்கழக வைத்திய பீடத்தின் சிங்கள மாணவருக்கும் தோட்டத்துத் தமிழைக் கற்பித்தல் வேண்டும்.

நமது பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். விழா நிதியில் மண்டபத்துக்கென ஒதுக்கவிருப்பதில் ஒரு பங்கை, முதற்கண் இரு பெண்களின் பயிற்சிக்கு வழங்குமாறு சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திற் கோரவிருக்கிறோம்.