திருவையாற்றில் நகரியல் படிக்க வேண்டும்

2022 நவம்பரில் திருவையாறு புறவழிச்சாலைக்காகக் கண்டியூர்ப் பக்கம் நெற்பயிர் நின்ற வயல்களில் மண் கொட்டப்பட்டபோது விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அன்றைய வாதம் முழுவதும் வளர்ச்சியா விவசாயமா என்பதோடு நின்றுபோனது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அரியலூர்ச் சாலையின் லாரிகள் கோயில் ஊரின் குறுகிய தெருக்களுக்குள் நெருக்கியடித்துப் போவதைப் பார்த்தவர்கள் மாற்றுவழி வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். வளர்ந்து நிற்கும் பயிரை மண்ணால் மூடுவதையும் மனசாட்சி உள்ளவர்கள் ஏற்கமாட்டார்கள். ஆனால் அதற்கு அப்பால் சில கேள்விகள் இருந்தன. சாலை வந்த பத்து ஆண்டுகளில் அதன் இருபுறமும் என்ன முளைக்கும்? எந்த வடிகால் அடைபடும்? கடைத்தெரு வியாபாரம் எங்கே நகரும்? இவற்றைக் கேட்கவும் விடை தேடவும் பழகியவர்கள் காவிரி டெல்டாவில் வேண்டும். அதனால்தான் நகரங்கள் உருவாகி வளரும் விதத்தை ஆராயும் நகரியலை இங்குள்ள அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலைப் பட்டமாக, தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்கிறேன்.

நெல் விளையும் பூமிக்கு நகரியல் எதற்கு என்ற மறுப்பு உடனே எழும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 48 விழுக்காட்டுக்கும் மேலானோர் நகரவாசிகள். ஓர் ஊரில் குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயம் அல்லாத தொழிலில் என்ற நிலை இருந்தால், அது ஊராட்சியாகவே இருந்தாலும் கணக்கெடுப்பு அதை நகரம் என்றே எழுதிக்கொள்கிறது. இத்தகைய ஊர்கள் தமிழகத்தில் 2001இல் 111, 2011இல் 376. நகரம் வயலின் வரப்பிலேயே உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உருக்காலைகளையும், தோல் பதனிடும் ஆலைகளையும், புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளையும் டெல்டாவில் தடுக்கிறது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் அதன் தடைப்பட்டியலில் வீட்டுமனைப் பிரிவு இல்லை. அதைக் கவனிக்க 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அச்சட்டம் இருக்கும்போதேதான் அங்கீகாரமற்ற மனைகள் மாநிலமெங்கும் பெருகின. 2016இல் உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை போட, 2017இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. வயலில் மண் நிரப்பிக் கல் நட்டால் கெடுவது அந்த வயல் மட்டுமல்ல. பாசன வாய்க்கால் தூர்ந்தால் கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் வராது. வடிகால் மூடினால் ஐப்பசி மழையில் மேலே உள்ளவரின் வயலிலிருந்து தண்ணீர் வடியாது. மனையையும் மடையையும் சேர்த்துப் பார்க்கும் படிப்பு டெல்டாவுக்கு அவசியம்.

இது மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்குத் தஞ்சைக் கோட்டையே பதில். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியல் அறிஞர் பேட்ரிக் கெடெஸ் 1914இல் நகரக் கண்காட்சி நடத்த இந்தியா வந்து, சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து 1915இல் அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைக்குள் நெரிசலைக் குறைக்க வீடுகளை இடித்து நேரான தெருக்களை வெட்டுவது என்பது அப்போதிருந்த திட்டம். கெடெஸ் சந்து சந்தாக நடந்து பார்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைக்கும் வெளியில் மரம் நட்டு, மற்றவற்றைக் காப்பாற்றலாம் என்றார். செலவும் வெகு குறைவு. காக்கும் அறுவைச் சிகிச்சை என்று பொருள்படும் பெயரை அந்த முறைக்குச் சூட்டினார். இதை அலுவலக மேசையில் உட்கார்ந்து செய்ய முடியாது, பொறுமையாக நடந்து நடந்துதான் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தார். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. 1920இல் சென்னை மாகாணம் நகரத் திட்டமிடல் சட்டம் இயற்றியது. நூறு ஆண்டுகள் கடந்தும், அவர் எழுதியதை உலகத்துத் திட்டமிடல் மாணவர்கள் படிக்கிறார்கள். அவர் நடந்து பார்த்த மண்ணின் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு அதைப் படிக்க ஒரு துறை இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். முதல் தலைமுறைப் பட்டதாரியின் மூன்று ஆண்டுகள் விளையாட்டல்ல. நாட்டின் 7,933 நகர்ப்புறங்களில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை என்று நிதி ஆயோக் 2021இல் சொன்னது. 12,000க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர்கள் தேவைப்படும் இடத்தில் அன்று அனுமதிக்கப்பட்டிருந்த பணியிடங்கள் 4,000கூட இல்லை. அவற்றிலும் 42 விழுக்காடு காலியாக இருந்தன. இந்தப் பட்டம் வாங்கியவுடன் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று சொன்னால் அது ஏமாற்று. அதற்குப் பொறியியல், கட்டடக்கலை, திட்டமிடல் பட்டங்களையே கேட்கிறார்கள். ஆகவே பாடத்தைத் தொடங்கும் அரசு, பேரூராட்சி, நகராட்சிப் பணி விதிகளிலும் நகரியல் பட்டதாரிக்கு இடம் தர வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு. பொருளியலோ புவியியலோ ஒன்றை ஆழமாகப் படிக்காமல் பதினெட்டு வயதில் நகரியல் படித்தால் நுனிப்புல் மேய்ச்சலாகிவிடும் என்பது அது. எல்லாப் பாடத்திலும் ஒரு தாள் என்று தொகுத்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களில் தஞ்சை மாவட்டத்தின் ஒரே கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, நிலமும் சாதியும் அதிகாரமும் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப்போவதைக் கண்டு எழுதினார். ஒரே இடத்தில் ஊன்றி நின்றதால் வந்த ஆழம் அது. கிராமத்துக்குக் கிடைத்த அந்தக் கவனத்தை ஒரு சிறு நகரத்துக்கு மூன்று ஆண்டுகள் கொடுப்பதாகப் பாடத்திட்டம் அமையட்டும். நத்தம், புறம்போக்கு, அடங்கல், மதகு, மனைப்பிரிவு என்று அதற்கான சொற்கள் ஏற்கெனவே ஊர்வாயில் இருக்கின்றன; எழுத வேண்டியது பாடநூல்தான். முதலாண்டுக் களப்பணிக்குத் திருவையாறே போதும். சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றி ஊர் திரும்பும் வழியில் மாணவர்களும் நடக்கட்டும். அந்த வழியைக் குறுக்கிடும் ஒவ்வொரு வாய்க்காலையும், அதில் எது ஓடுகிறது, எது எந்த மனையடியில் முடிந்துபோகிறது என்பதையும் வரைபடத்தில் குறிக்கட்டும்.